புரொப்பெல்லர் புராணமும் சில புருடாக்களும்

ஏரியில ஜாலியா ஓட்டறதுக்குன்னு படகு வாங்கறவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? எஞ்சினுக்கு ஆயிரக்கணக்குல டாலர் கொட்டுவாங்க. ஸ்பீக்கர் எதுன்னு ஒரு மாசம் ஆராய்ச்சி நடக்கும். சீட்டு மெத்தை என்ன கலர்னு வீட்டுல சண்டையே நடக்கும். ஆனா அந்த எஞ்சினோட மொத்தச் சக்தியையும் தண்ணிக்குள்ள இறக்கற ஒரே ஒரு சாமான் இருக்கே, பின்னாடி சுத்துற புரொப்பெல்லர், அதை மட்டும் "கடைக்காரர் என்ன மாட்டிக் கொடுத்தாரோ அதான்"னு விட்டுடுவாங்க. விடாம யோசிக்கிற மிச்சப் பேரு, யோசிச்சு யோசிச்சுத் தப்பானதையே தேடிப் புடிச்சு வாங்குவாங்க. இந்த ரெண்டு கோஷ்டியும் சேர்ந்துதான் நல்ல எஞ்சின்களைக் கொல்லுதுங்கறது என் கட்சி.

உன்கிட்ட படகும் இல்ல, ஏரியும் இல்ல, உனக்கு எதுக்குடா இந்த வேலைன்னு கிளாஸ் மக்கள் கேப்பீங்க. நியாயம்தான். ஆனா டார்க், பவர், கியர் ரேஷியோ எல்லாத்தையும் பரீட்சைக்கு முந்தின ராத்திரி முழுங்கிட்டு மறுநாள் கக்கிட்டு மறந்துடற கூட்டம் நாம. அந்த மூணும் நிஜ உலகத்துல ஒருத்தரோட காசையும் சமயத்துல உயிரையும் எப்படிப் பதம் பாக்குதுன்னு காட்ட, இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

கொஞ்சம் அடிப்படை. புரொப்பெல்லர் மேல ரெண்டு எண் அடிச்சிருக்கும், 14½ × 19 மாதிரி. ரெண்டும் அங்குலக் கணக்கு. முதலாவது விட்டம். ரெண்டாவது பிட்ச். மரக்கட்டையில ஸ்க்ரூ இறங்கற மாதிரி, வழுக்கலே இல்லாம ஒரு முழுச் சுத்துக்கு எவ்வளவு தூரம் முன்னாடி போகும்ங்கறதுதான் பிட்ச். 19 பிட்ச்னா சுத்துக்கு 19 அங்குலம், அதாவது 48 சென்டிமீட்டர் சொச்சம்.

இப்ப நிஜ எஞ்சின் ஒண்ணை எடுத்துக்குவோம். மெர்க்குரி கம்பெனியோட 150 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்ட். 3 லிட்டர், 4 சிலிண்டர். ஃபுல் த்ராட்டில்ல நிமிஷத்துக்கு 5000லேர்ந்து 5800 சுத்துக்குள்ள இருக்கணும்னு கம்பெனியே சொல்லுது. கியர் விகிதம் 1.92. எஞ்சின் 5800 சுத்தினா புரொப்பெல்லர் 3020 சுத்தும். 19 பிட்ச்சால பெருக்குங்க. மணிக்கு 87 கிலோமீட்டர் சொச்சம் வரும். தண்ணி மரக்கட்டை இல்லைங்கறதால 12 சதவீதம் கழிச்சுக்குவோம். 77 கிலோமீட்டர். பத்தாங்கிளாஸ் கணக்கு, அவ்வளவுதான்.

முதல் புருடா இங்கதான் பொறக்குது. "அப்ப 19க்குப் பதிலா 21 பிட்ச் போட்டா வேகம் 85 ஆயிடும்ல?" கால்குலேட்டர்ல ஆயிடும். ஏன்னா நீங்க 5800ங்கற எண்ணை மாத்தாம அப்படியே வெச்சுட்டு பிட்ச்சை மட்டும் ஏத்திட்டீங்க. எஞ்சின் உங்ககிட்ட 5800 சுத்தறேன்னு பத்திரம் எழுதிக் குடுக்கல. பிட்ச் ஒரு அங்குலம் ஏறினா ஃபுல் த்ராட்டில் சுத்து 150லேர்ந்து 200 வரைக்கும் இறங்கும்ங்கறது இந்தத் தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச தோராயக் கணக்கு. சேலத்துலேர்ந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏத்தற டிரைவர், டாப் கியர்லதான் வேகம் ஜாஸ்தின்னு கொண்டை ஊசி வளைவுல டாப் கியர் போட்டா என்ன ஆகும்? அதேதான். ஒரே வித்தியாசம், படகுல மாத்திக்க வேற கியரே கிடையாது. ஒரே கியர், அது புரொப்பெல்லர்தான். வாங்கற அன்னிக்கு முடிவு பண்ணினா பண்ணினதுதான்.

சரி, பிட்ச் கூடிப் போச்சு, சுத்து இறங்கிப் போச்சு, அதனால என்ன குடி முழுகிடும்? குடிதான் முழுகும். த்ராட்டில் முழுசாத் திறந்திருக்கு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முழு மூச்சுக் காத்து, அதுக்கேத்த பெட்ரோல். ஆனா பிஸ்டன் வேகமா நகர முடியல, ஏன்னா பின்னாடி சுமை அழுத்துது. அழுத்தமும் சூடும் தங்க வேண்டிய நேரத்தைவிடக் கூடுதலாத் தங்குது. எரிபொருள் ஒழுங்கா எரியாம வெடிக்க ஆரம்பிக்குது. பேரிங், பிஸ்டன், ஹெட் கேஸ்கெட்னு ஒவ்வொண்ணா அடி வாங்குது. கொஞ்சம் மூளை ஜாஸ்தி இருக்கற புது எஞ்சின்கள் தீப்பொறி நேரத்தைத் தள்ளிப் போட்டுத் தப்பிச்சுக்கப் பாக்கும், அப்படித் தப்பிக்கறதுல இருக்கற பவரும் குறையும்.

இதுல எனக்கு ரொம்பக் கோவம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. பிட்ச் கம்மியாப் போய் எஞ்சின் அளவுக்கு மேல சுத்தினா, புது எஞ்சின்கள்ல அதைப் புடிச்சு நிறுத்த ஒரு கட்டுப்பாடு இருக்கு. வரம்பைத் தாண்டினா தீப்பொறியை வெட்டும், எஞ்சின் திக்கும், ஓட்டறவருக்கு உடனே தெரியும். பிட்ச் ஜாஸ்தியாகி எஞ்சின் மூச்சு முட்டினா? ஒண்ணும் இல்ல. விளக்கு எரியாது, மணி அடிக்காது. சத்தம்கூடக் கம்மியா, "ஸ்மூத்தா" இருக்கும். ஓனர் ரொம்ப சந்தோஷமா, "பாத்தியா, எவ்வளவு அலுங்காம ஓடுது"ன்னு பீத்திக்குவாரு. மூணு நாலு சீசன் கழிச்சு எஞ்சின் படுத்துக்கும்போது, "அந்தக் கம்பெனி எஞ்சினே சரியில்லப்பா"ன்னு தீர்ப்பு வரும். ரெண்டு பக்கமும் தப்பு நடக்கலாம். ஒரு பக்கம் கூவும், இன்னொரு பக்கம் கூவாது. கூவாத பக்கத்துலேர்ந்து தள்ளி நிக்கறதுதானே புத்திசாலித்தனம்? ஆனா உலகமே அந்தப் பக்கம்தான் சாஞ்சு நிக்குது.

காரணம் இல்லாம சாயல. பெரிய அவுட்போர்ட் எஞ்சின்கள் பொதுவா புரொப்பெல்லர் இல்லாமத்தான் பெட்டியில வரும். படகு ஒரு கம்பெனி, எஞ்சின் இன்னொரு கம்பெனி, ரெண்டையும் சேத்து மாட்டறவரு கடைக்காரர். அவருக்கு வேண்டியது என்ன? வாங்க வந்தவர் ஒரு ரவுண்டு போயிட்டு வந்து "செம வேகம்"னு சொல்லணும். அந்த ரவுண்டுல யார் யார் இருப்பாங்க? ஓட்டறவரும் வாங்கறவரும். டாங்க்ல கால்வாசி பெட்ரோல். புதுப் படகு, அடியில பாசி கிடையாது. காலி பஸ்ஸை பைபாஸ்ல ஓட்டிக் காட்டற கதைதான். உதாரணத்துக்கு வெச்சுக்குங்க, 21 பிட்ச்ல அன்னிக்கு 5400 வருது. வரம்புக்கு நட்ட நடுவுல! கடைக்காரர் சொன்னது பொய்யும் இல்ல.

ஞாயித்துக்கிழமை வருது. ஆறு பேர், கூட குளிர்பெட்டி, நங்கூரம், சறுக்கு விளையாடற சாமான், முழு டாங்க். 150 லிட்டர் பெட்ரோலே 110 கிலோ. ஆறு பேரு நானூறு கிலோவுக்கு மேல. அந்த 5400 இப்ப 4800ன்னு வெச்சுக்குவோம். வரம்புக்குக் கீழ போயாச்சு. டார்க் அப்படியே இருக்குன்னு தாராளமா விட்டுக் கொடுத்தாக்கூட, 5400ல 150 குதிரை தர்ற எஞ்சின் 4800ல 133தான் தரும். பதினேழு குதிரையை லாயத்துலயே கட்டி வெச்சுட்டு, அதுக்கும் சேத்து மாசத்தவணை கட்டறாரு மனுஷன். இதே படகுல 19 போட்டிருந்தா அந்த ஞாயித்துக்கிழமை சுத்து 5100, 5200க்கு வந்திருக்கும். தனியாப் போற அன்னிக்கு 5800ஐ எட்டியிருக்கும். சோதனையை எந்தச் சுமையோட பண்றீங்கங்கறதுதான் கேள்வியே. வழக்கமா ஏத்தற சுமையை ஏத்திட்டு, ஃபுல் த்ராட்டில்ல வரம்போட மேல் பாதியில நிக்குதான்னு பாருங்க. நின்னா அந்த புரொப்பெல்லர் சரி. நிக்கலைன்னா அது தங்கத்துல செஞ்சிருந்தாலும் தப்பு.

இதுக்கு ஒரு பதில் ரெடியா வெச்சிருப்பாங்க. "நான் ஃபுல் த்ராட்டில் போறதே இல்லப்பா, 3500லதான் சும்மா உருட்டுவேன், எனக்கு எதுக்கு இது?" கேக்க நியாயமாத்தான் இருக்கும், அதான் ஆபத்து. ஃபுல் த்ராட்டில் சுத்துங்கறது நீங்க எப்பவும் ஓட்ட வேண்டிய வேகம் இல்ல, அது ஒரு அளவுகோல். ஜுரம் பாக்கற தெர்மாமீட்டர் மாதிரி. அங்க சுமை ஜாஸ்தின்னா 3500லயும் ஜாஸ்திதான். அதே 3500 சுத்துக்கு எஞ்சின் கூடுதலா வாயைத் திறந்து மூச்சு வாங்கிட்டிருக்கு, உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். இன்னொண்ணு, இந்த வகைப் படகு எல்லாம் தண்ணியைக் கிழிச்சுட்டுப் போற படகு இல்ல, தண்ணி மேல ஏறி வழுக்கற படகு. அப்படி ஏற, தன் அலையோட மேட்டையே ஒரு தடவை தாண்டணும். ஒவ்வொரு கிளம்பலுக்கும் த்ராட்டில் முழுசாத்தான் போகும். "போறதே இல்ல"ங்கறவரு ஒரு நாளைக்கு இருபது தடவை போறாரு.

எதிர்க்கட்சிக்கு ஒரு சலுகை குடுத்துடறேன். கம்பெனி சொன்ன வரம்புக்குள்ளயே, கொஞ்சம் கூடுதல் பிட்ச் போட்டா நிதான வேகத்துல பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகலாம். வாஸ்தவம். எப்பவும் ரெண்டே பேர், நீளமான ஏரி, நிதான ஓட்டம்னா கீழ்ப் பாதியில நிக்கறதைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா வரம்புக்குக் கீழ போயிட்டு "மைலேஜ்"னு சொல்றது, சாப்பிடாம இருந்தா மளிகை மிச்சம்னு சொல்ற மாதிரி.

அந்த மேட்டைத் தாண்டற நேரத்தைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். படகு கிளம்பும்போது அணியம் மேல தூக்கும். (நம்ம கடற்கரையில படகோட முன்பக்கத்துக்கு இருக்கற சொல் இது. எவ்வளவு அழகு!) தூக்கின அணியம் இறங்கற வரைக்கும் ஓட்டறவருக்கு முன்னாடி என்ன இருக்குன்னு சரியாத் தெரியாது. சரியான புரொப்பெல்லர் இருந்தா சில நொடியில இறங்கிடும். பிட்ச் ஜாஸ்தின்னா எஞ்சின் முக்கி முனகி, படகு மூக்கைத் தூக்கிட்டே ரொம்ப தூரம் போகும். கோடை லீவுல, குழந்தைங்க நீந்திட்டிருக்கற ஏரியில. கீழ சுத்திட்டிருக்கறது என்னன்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க: நிமிஷத்துக்கு 3020 சுத்துன்னா நொடிக்கு 50, மூணு இதழ்னா நொடிக்கு 150 வெட்டு. அமெரிக்காவுல 2021 ஏப்ரல் 1லேர்ந்து, 26 அடிக்குக் குறைஞ்ச படகை வேகமா ஓட்டறவங்க எஞ்சினை நிறுத்தற அந்தச் சுருள் கயித்தை உடம்போட மாட்டிக்கணும்னு மத்திய சட்டமே வந்துடுச்சு. ஓட்டறவர் தண்ணியில விழுந்தா எஞ்சின் நின்னுடும். மூணு கிலோமீட்டர் கூடுதல் வேகத்துக்காக புரொப்பெல்லரை மாத்தி மாத்திப் பாக்கற ஆளு, ஓசியில வர்ற இந்தக் கயித்தை ஸ்டியரிங்ல சுத்தித் தொங்க விட்டிருப்பாரு. என்ன சொல்ல.

அடுத்து, "ஃப்ரெண்டு இதே படகுக்கு இதே எஞ்சினுக்கு 19 போட்டிருக்கான், எனக்கும் அதே குடுங்க"ங்கற கோஷ்டி. ஃப்ரெண்டு எந்த ஊர்? கலிஃபோர்னியா, நெவாடா எல்லையில லேக் டாஹோன்னு ஒரு ஏரி இருக்கு, கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்துல. காத்து அங்க அடர்த்தி கம்மி. டர்போ மாதிரி எதுவும் இல்லாத சாதாரண எஞ்சின், உயரம் 1,000 அடி ஏறினா பவர்ல சுமார் 3 சதவீதம் இழக்கும். சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவுல 150 குதிரையா இருந்தது, டாஹோவுல 122 பக்கம் வந்து நிக்கும். அதே படகு, அதே எஞ்சின், அதே புரொப்பெல்லர், டிரெய்லர்ல கட்டி மலை ஏத்திட்டா தப்பான புரொப்பெல்லர் ஆயிடும்! அங்க ரெண்டு மூணு அங்குலம் பிட்ச் குறைச்சே ஆகணும். நம்ம ஊட்டி ஏரி அதைவிட உயரம், 2,200 மீட்டர் சொச்சம், ஆனா அங்க மோட்டார் படகு போற வேகத்துக்கு யாரும் இதைப் பத்திக் கவலைப்பட வேண்டியதில்ல :-)

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெருமை. இதைச் சுருக்கமா முடிச்சுக்கறேன். எஃகு உறுதி, அதனால இதழை மெல்லிசா வார்க்கலாம், சுமையில வளையாது, அலுமினியத்தைவிட நல்லா கடிக்கும். எல்லாம் உண்மை. விலை பல மடங்கு, அதுவும் உண்மை. ஆனா தப்பான பிட்ச்ல பளபளன்னு எஃகு வாங்கறதுக்குப் பதிலா சரியான பிட்ச்ல அலுமினியம் வாங்கினா அதுவே மேல். பாறையும் மணல்திட்டும் இருக்கற ஆழமில்லாத தண்ணின்னா அலுமினியம் வளைஞ்சு உடைஞ்சு கியரைக் காப்பாத்தும். எஃகு தான் பொழச்சுக்கிட்டு அடியைக் கியருக்குக் கடத்தும். நாலு இதழும் அப்படித்தான். நல்லா புடிக்கும், சீக்கிரம் மேல ஏத்தும், அதிர்வு கம்மி, உச்ச வேகம் ஒரு துளி குறையும். ஆளும் சாமானுமா ஏத்தற படகுக்கு நான் அதைத்தான் சொல்வேன், பிட்ச்சை ஒரு அங்குலம் குறைச்சு.

படகுத்துறையில நிக்கற வாத்தியார்கள் சொல்ற இன்னொண்ணு: "ஸ்லிப் இருந்தா வேஸ்ட், ஸ்லிப்பே இல்லாத புரொப்பெல்லர் பாத்து வாங்கு." மேல நாம கழிச்ச 12 சதவீதம் இருக்கே, அதுதான் ஸ்லிப். அது ஜீரோ ஆனா இதழ் தண்ணிக்குள்ள எந்தக் கோணமும் இல்லாம சும்மா நழுவிப் போகும், தள்ளுவிசையே கிட்டத்தட்ட இருக்காது. தண்ணியைப் பின்னாடி தள்ளினாத்தான் படகு முன்னாடி போகும். தள்ளின தண்ணி நகரத்தானே செய்யும்? நியூட்டனோட மூணாவது விதியை ஒன்பதாங்கிளாஸ்ல படிச்சவங்க ஸ்லிப்பைத் திட்டக் கூடாது. அளவுக்கு மீறிப் போனா மட்டும் கவனிங்க.

அப்புறம் அந்தப் பெரிய வார்த்தை, கேவிட்டேஷன். திருப்பத்துல எஞ்சின் திடீர்னு கத்தினா எல்லாரும் அதையே சொல்லுவாங்க. தொண்ணூறு சதவீதம் அது இல்ல (இந்த தொண்ணூறு என் வாய்க்கு வந்தது, கணக்கெடுப்பு இல்ல). அது தண்ணி மேல்மட்டத்துலேர்ந்து காத்தை உறிஞ்சிக்கறது, வென்டிலேஷன். எஞ்சினை ரொம்ப உசரத்துல மாட்டியிருப்பாங்க, இல்ல ட்ரிம்மை ஓவராத் தூக்கியிருப்பாங்க, இல்ல இதழோட ஓரம் உள்பக்கமா மடிச்சிருக்கற கப் இல்லாத புரொப்பெல்லரா இருக்கும். நிஜக் கேவிட்டேஷன்ங்கறது இதழோட முதுகுப்பக்கம் அழுத்தம் அவ்வளவு இறங்கி, தண்ணி சாதாரணச் சூட்டுலயே கொதிச்சு ஆவியாகறது. அந்தக் குமிழிகள் உடையும்போது உலோகத்தையே அரிச்சுடும். சார்லஸ் பார்சன்ஸ் 1894ல டர்பினியான்னு நீராவி டர்பைன் படகு கட்டி, புரொப்பெல்லரை மாத்தி மாத்திப் பாத்தும் மணிக்கு 20 கடல்மைலைத் தாண்ட முடியாம முழிச்சாரு. ஒத்தை தண்டை எடுத்துட்டு மூணு தண்டு, தண்டுக்கு மூணு புரொப்பெல்லர்னு மாத்தினப்புறம், 1897ல விக்டோரியா ராணி அரியணை ஏறி 60 வருஷம் ஆன கடற்படை அணிவகுப்புல 34 கடல்மைல் வேகத்துல போர்க்கப்பல்களுக்கு நடுவுல பூந்து விளையாடினாரு. துரத்தினவங்களால புடிக்க முடியல. எத்தனை பவர் இருந்தாலும் தண்ணிக்குள்ள இறக்கத் தெரியலன்னா வேலைக்காகாதுன்னு ஊருக்கே தெரிஞ்சு நூத்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. சிரிப்பு என்னன்னா, அவுட்போர்ட்ல புரொப்பெல்லருக்கு மேல இருக்கற தட்டு காத்தைத் தடுக்கறதுக்குத்தான் இருக்கு, ஆனா அதுக்கே "ஆன்ட்டி-கேவிட்டேஷன் பிளேட்"னு பேரு வெச்சு இன்னிக்கும் பலர் கூப்பிடறாங்க. பேரு தப்பா இருந்தா வைத்தியமும் தப்பாத்தான் இருக்கும். காத்து உறிஞ்சறதுக்கு எஞ்சின் உசரத்தைச் சரி பண்ணாம ஐநூறு டாலர் எஃகு வாங்கி மாட்டுவாங்க.

இன்னொரு சந்தேகக் கேஸ்: எஞ்சின் கத்துது, படகு நகர மாட்டேங்குது. அது பெரும்பாலும் நடுவுல இருக்கற ரப்பர் குடம் வழுக்கறது. குடத்தோட உள்பக்கத்துலயும் வெளிப்பக்கத்துலயும் சேத்து ஒரு பெயின்ட் கோடு போட்டுட்டு ஓட்டிட்டு வாங்க. கோடு விலகியிருந்தா பிட்ச்சைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, ரப்பரை மாத்துங்க.

கடைக்காரர்களுக்கு ஒண்ணு. நல்ல கடைகள் ரெண்டு மூணு பிட்ச் புரொப்பெல்லர்களை ஓட்டிப் பாக்கக் கையில குடுத்து, திருப்பி வாங்கிக்குது. அது தர்மம் இல்ல, வியாபாரத்துல சேர்த்தி. எஞ்சினுக்கு இத்தனை ஆயிரம் வாங்கிட்டு, "முழுக் குடும்பத்தோட ஓட்டிப் பாத்துட்டு வாங்க, சுத்து பத்தலைன்னா மாத்தித் தரேன்"னு ஒரு வரி ரசீதுல எழுத முடியாதா? எழுத மாட்டேன்னு சொல்ற கடையில செருப்புகூட வாங்கக் கூடாது. கடையில செருப்பையே போட்டு நடந்து பாத்துதானே வாங்கறோம்.

பி.கு: எல்லாத்துக்கும் முன்னாடி டேக்கோமீட்டரை நம்பலாமான்னு பாத்துக்குங்க. தனியா வாங்கி மாட்டற பல மீட்டர்களுக்குப் பின்னாடி, எஞ்சின் ஆல்டர்னேட்டர்ல எத்தனை துருவம்னு சொல்றதுக்கு ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். அது தப்பான எண்ணுல இருந்தா, முள் காட்டற சுத்து பூராவும் கப்சா. அதை வெச்சுக்கிட்டு நாலு புரொப்பெல்லர் வாங்கினாலும் நாலும் தப்பாத்தான் தெரியும்.